பப்ளிக் பீட்டா எப்பண்ணே வரும்?

கேள்வி: அண்ணே, ஐபோனோட புது சாஃப்ட்வேருக்கு டெவலப்பர் பீட்டா (ஆப் செய்யறவங்களுக்கான சோதனை பதிப்பு) ஜூன்லயே வந்துடுச்சு, எல்லாரும் போட்டு பாக்கற பப்ளிக் பீட்டாவ மட்டும் காணோம். காலைல எந்திரிச்சதும் செட்டிங்ஸ தொறந்து பாக்குறதே வேலையா போச்சு. ஏதாவது கணக்கு இருக்கா?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: இருக்கு தம்பி. 2023ல ஜூலை 12, 2024ல ஜூலை 15, 2025ல ஜூலை 24, அதனால இந்த வாட்டியும் ஜூலை பாதிக்கு மேலன்னுதான் என் கணிப்பு, ஏன்னா டெவலப்பர் பீட்டா மூணு நாலு ரவுண்டு போயி பெரிய கோளாறெல்லாம் கொஞ்சம் அடங்கினப்புறம்தான் பொதுவுல விடுறாங்க. காலைல பாக்காதீங்க. கலிஃபோர்னியால காலைல 10 மணிக்குத்தான் பெரும்பாலும் விடுவாங்க, நமக்கு அப்ப ராத்திரி 10:30, சில்வர் பீச்சுல காத்து வாங்கிட்டு வந்து சாப்ட்டு முடிச்சு ஒரு தடவ பாத்தா போதும்.

ஒண்ணு மட்டும் கெஞ்சி கேட்டுக்கறேன், போடுறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல பேக்கப் எடுத்துடுங்க, பீட்டால இருக்கும்போது எடுத்த பேக்கப் பழைய வெர்ஷன்ல ஏறாது, குழந்தை போட்டோல்லாம் போயிடும். பேங்க் ஆப் இருக்கற போன்ல வேணாம், செப்டம்பர் பாதில ஒரிஜினலே வந்துடும்.