சிந்துவதும் ஊற்றுவதும்

வணக்கம் ஐயா,

உங்கள் கட்டுரைகளைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். நீங்கள் ஆங்கில ஆசிரியராக இருந்தவர் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன். என் மகள் தரம் 10இல் படிக்கிறாள். ஆங்கில ரியூசனில் ஒவ்வொரு வகுப்புக்கும் இருபது ஒத்தகருத்துச் சொற்கள் கொடுப்பார்கள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து பாடமாக்குவாள். கேட்டால் ஒன்றும் விடாமல் ஒப்புவிப்பாள். சென்ற தவணைப் பரீட்சையில் நல்லூர்த் திருவிழாவைப் பற்றிக் கட்டுரை வந்தது. 'ஃபேமஸ்' என்ற சொல் சின்னப் பிள்ளைகள் எழுதுவது என்று நினைத்து, பட்டியலில் அதற்குப் பக்கத்தில் இருந்த 'நொட்டோரியஸ்' என்ற சொல்லைப் போட்டிருக்கிறாள். சிவப்பு மையால் வட்டம் போட்டுப் புள்ளியைக் குறைத்திருக்கிறார்கள். ஏன் என்று எழுதவில்லை. அன்றிலிருந்து புதிய சொல் ஒன்றையும் எழுதப் பயப்படுகிறாள். இருபது போதாது, முப்பதாகப் பாடமாக்கு என்கிறார் அவளுடைய அப்பா. கைத்தொலைபேசியில் ஏதாவது செயலி இருந்தால் சொல்லுங்கள். நான் சாதாரண தரம் வரை படித்தவள், என் ஆங்கிலம் அவளுக்கு உதவாது.

ஒரு தாய், சாவகச்சேரி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள்: அவள் விட்டது சோம்பேறிப் பிள்ளை விடும் பிழை அல்ல. கொடுத்த பட்டியலை ஒரு சொல் தவறாமல் படித்த பிள்ளைதான் அந்தப் பிழையை விட முடியும். 'நொட்டோரியஸ்' என்றாலும் பலருக்குத் தெரிந்த என்றுதான் பொருள். ஆனால் கெட்ட காரியத்துக்காகத் தெரிந்த என்று பொருள். கள்ளனுக்கு அது பொருந்தும், அடிக்கடி விபத்து நடக்கும் வளைவுக்குப் பொருந்தும், முருகனுக்குப் பொருந்தாது. இவ்வளவுதான் விஷயம். வட்டத்துக்குப் பக்கத்தில் இதை எழுத ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டது எனக்குக் கோபத்தைத் தருகிறது. ஒரு பிள்ளை துணிந்து புதிய சொல்லை எடுத்த அந்த நேரம்தான் சொல்லிக்கொடுப்பதற்கு வாய்த்த நேரம்.

பாடமாக்குவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பாடமாக்கி வளர்ந்த ஊர் இது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டு ஒப்புவிக்காமல் யாரும் இலக்கியத்துக்குள் போகவில்லை. ஆறுமுக நாவலர் 1849இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் போனபோது, அங்கேயே அச்சிட்ட நூல்களில் ஒன்று சூடாமணி நிகண்டின் உரை. அந்த நிகண்டு ஒத்தகருத்துச் சொற்களின் பெருங்களஞ்சியம்தான். பரிதி, எல், என்றூழ், வெய்யோன் என்று சூரியனுக்கு மட்டும் வரிசையாகப் பெயர்கள் வரும். ஆனால் அதைப் படித்த பிள்ளை மறுநாளே பாட்டைப் படித்தான். என்றூழ் என்ற சொல் எந்தப் பாட்டில், எந்தப் பாலை நிலத்தில், எப்படிச் சுட்டது என்று ஆசிரியர் வாயால் கேட்டான். வீட்டுக்கு வந்து, "என்றூழ் சுடுகிறது, குடையைக் கொண்டு போங்கள்" என்று தாயிடம் சொல்லவில்லை. நிகண்டு படியாக இருந்தது, அதற்கு மேலே வீடு இருந்தது. உங்கள் மகளுக்குப் படியை மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

ஆங்கிலேயருக்கும் ஒரு நிகண்டு உண்டு. பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1805இல் தன் சொந்த உபயோகத்துக்காகச் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்து வைத்தார். அதை விரித்து 1852இல், தன் எழுபத்து மூன்றாவது வயதில், புத்தகமாக வெளியிட்டார். ரியூசன் பட்டியல்கள் பெரும்பாலும் இந்த வகை நூல்களின் பேரப்பிள்ளைகள். ஆனால் ரோஜேயின் நூல், சொற்களை ஏற்கெனவே அறிந்த ஒருவருக்கு, நாக்கு நுனியில் நின்று வர மறுக்கும் சொல்லை எடுத்துக் கொடுப்பது. அந்தச் சொற்களை முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைக்கு அது வழிகாட்டாது. எது கள்ளனுக்கு, எது கோவிலுக்கு என்று அது சொல்லாது.

உங்கள் ஆங்கிலம் அவளுக்கு உதவாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் நான் நீண்ட நேரம் நின்றேன். நீங்கள் நினைப்பது தவறு. நாளைக்குக் காலையில் மகளைக் கிணற்றடிக்கோ குசினிக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு செம்பு தண்ணீர் போதும். கோப்பைக்குள் ஊற்றுங்கள். கை தட்டியதுபோல் கொஞ்சம் சிந்துங்கள். விரலால் தொட்டு நிலத்தில் தெளியுங்கள். செம்பின் விளிம்பில் கடைசித் துளி சொட்டுவதைக் காட்டுங்கள். வாளி ஓட்டையாக இருந்தால் ஒழுகுவதையும் காட்டலாம். பிறகு கேளுங்கள்: "அம்மா தேநீரைக் கோப்பைக்குள் சிந்தினார்" என்று எழுதலாமா? மகள் சிரிப்பாள். ஏன் சிரித்தாள் என்பதை அவளையே விளக்கச் சொல்லுங்கள். ஊற்றுவது வேண்டுமென்று செய்வது, சிந்துவது கை தவறி நடப்பது, தெளிப்பது பரவலாக விழுவது, சொட்டுவது துளி துளியாக, ஒழுகுவது அடைத்திருக்க வேண்டியதில் இருந்து வருவது. யாரும் பட்டியல் போட்டுத் தராமலே இவ்வளவும் அவளுக்குத் தெரியும். அதை அவளுக்குக் கொடுத்தது நீங்கள்.

இப்போது ஆங்கிலச் சொற்களைப் பக்கத்தில் வையுங்கள். ஊற்றுவதற்கு 'போர்', சிந்துவதற்கு 'ஸ்பில்', தெளிப்பதற்கு 'ஸ்பிரிங்கிள்', சொட்டுவதற்கு 'டிரிப்', ஒழுகுவதற்கு 'லீக்'. தமிழில் அவள் பிரித்துப் பார்த்த அதே இடங்களில் இவையும் பிரிகின்றன. எல்லா இடத்திலும் இப்படி ஒன்றுக்கு ஒன்று அமையாது. நாங்கள் கையைக் கழுவுகிறோம், உடுப்பைத் தோய்க்கிறோம், தலைக்கு முழுகுகிறோம், சட்டியை மினுக்குகிறோம். ஆங்கிலம் 'வாஷ்' என்ற ஒரே சொல்லோடு இந்த நான்கு இடத்துக்கும் போய்வரும். ஆனால் சட்டியை அழுத்தித் தேய்த்தால் 'ஸ்கிரப்', சவர்க்காரம் போக அலசினால் 'ரின்ஸ்' என்று அதுவும் தன் வழியில் பிரிக்கும். வளவைச் சுற்றி இருப்பது எங்களுக்கு மதில், வீட்டுக்கு இருப்பது சுவர். ஆங்கிலத்தில் இரண்டும் 'வோல்'. எங்கே கோடு விழுகிறது என்று பார்ப்பதுதான் சொல் படிப்பது. அந்தக் கண் உங்களுக்கு இருக்கிறது. மகளோடு இருந்து பார்க்க அது போதும்.

ஆங்கிலத்தில் ஏன் ஒரே பொருளுக்கு இத்தனை சொற்கள் என்று அவள் கேட்கக்கூடும். 1066இல் நோர்மண்டியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. படிப்பும் தேவாலயமும் இலத்தீனில் நடந்தன. குடியானவர்கள் பழைய ஆங்கிலத்தையே பேசினார்கள். அதனால் பல இடங்களில் மூன்று அடுக்கு. 'ஆஸ்க்' வீட்டுச் சொல், 'குவெஸ்சன்' சற்று அதிகாரமான சொல், 'இன்டரகேட்' பொலிஸ் நிலையத்துச் சொல். கேள், வினவு, விசாரி என்று எங்களிடமும் இருக்கின்றன. "அம்மா என்னைச் சாப்பிட்டாயா என்று விசாரணை செய்தார்" என்று எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள், அடுக்கு அவளுக்கு உடனே விளங்கிவிடும்.

பொருளும் அடுக்கும் சரியாக இருந்தும் ஒரு சொல் வாக்கியத்தைக் கெடுக்கும். காரணம், ஒவ்வொரு சொல்லும் தன் கூட்டாளிகளோடு வருகிறது. பலத்த மழை என்கிறோம், பலத்த தேநீர் என்பதில்லை. ஆங்கிலத்தில் மழைக்கு 'ஹெவி', தேநீருக்கும் காற்றுக்கும் 'ஸ்ட்ராங்'. 'டாக் அபௌட்' என்று எழுதிய பிள்ளை, அழகுக்காக 'டாக்' என்பதை எடுத்துவிட்டு 'டிஸ்கஸ்' என்று போடும்போது 'அபௌட்' மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிடும். 'டிஸ்கஸ்' அதை ஏற்காது. 'டெல்' என்றால் பெரும்பாலும் யாரிடம் என்பது உடனே வர வேண்டும், 'சே' என்றால் வரத் தேவையில்லை. இரண்டுக்கும் பட்டியலில் "சொல்" என்ற ஒரே பொருள்தான் போட்டிருப்பார்கள். எங்கள் பிள்ளைகளின் கொப்பிகளில் நான் திருத்திய பிழைகளில் கணிசமானவை இந்த வகை. ஆகவே தனிச்சொல்லாக ஒன்றையும் எழுத விடாதீர்கள். கூட்டாளியோடு சேர்த்து எழுதட்டும்.

முப்பதாகக் கூட்டலாம் என்ற யோசனைக்கு வருகிறேன். தயவுசெய்து வேண்டாம். ஒரே பொருளுடைய புதிய சொற்களை ஒரே நாளில் சேர்த்துப் படித்தால் அவை ஒன்றோடொன்று குழம்பும். இது என் அபிப்பிராயம் மட்டும் அல்ல. 1993இல் டிங்கம் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்தபோது, பொருளால் நெருங்கிய சொற்களைக் கூட்டமாகப் படித்தவர்களுக்கு, தொடர்பில்லாத சொற்களைப் படிப்பதைவிடக் கூடுதல் முயற்சி தேவைப்பட்டது. 1997இல் வாரிங் என்ற இன்னோர் ஆய்வாளர் ஜப்பானிய மாணவர்களிடம் அதைத் திரும்பச் செய்து, அதே முடிவைக் கண்டார். இரட்டைப் பிள்ளைகளை ஒரே நாளில் அறிமுகம் செய்தால் யார் மூத்தவர் என்று மறந்துபோகும். ஒருவரோடு நன்றாகப் பழகிய பிறகு மற்றவரைப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் நிற்கும்.

நான் செய்யச் சொல்வது இது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லை எடுக்கட்டும். அதற்கு அயலில் உள்ள புதிய சொல் ஒன்றே ஒன்று. இரண்டுக்கும் தன் வாழ்க்கையில் இருந்து ஒவ்வொரு வாக்கியம் எழுதட்டும். நிபந்தனை ஒன்று உண்டு: ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் வாக்கியம் கெட வேண்டும். கெடாவிட்டால் அவள் இன்னும் வித்தியாசத்தைப் பிடிக்கவில்லை. 'ஸ்லிம்', 'ஸ்கின்னி' இரண்டும் ஒல்லியைத்தான் சொல்கின்றன. ஆனால் 'ஸ்லிம்' என்று மச்சாளைச் சொன்னால் மகிழ்வாள், 'ஸ்கின்னி' என்று சொன்னால் முகம் கறுத்துவிடும். அப்படி எழுதிய பிள்ளைக்கு அந்த இரண்டு சொல்லும் சொந்தம். ஒரு நாளைக்கு இந்த ஒரு சோடி போதும். மனம் கேட்காவிட்டால் இரண்டு சோடி.

சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கென்று எழுதிய அகராதியைப் பார்க்க வேண்டும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹோர்ன்பி என்பவரும் அவருடைய தோழர்களும் 1942இல் தோக்கியோவில் வெளியிட்ட அகராதிதான், பின்னர் ஒக்ஸ்போர்ட் அச்சகத்தின் மாணவர் அகராதியாக வளர்ந்தது. சொல்லுக்குப் பொருள் கொடுப்பதோடு நிற்காமல், அது எந்த வாக்கியத்தில் எப்படி நிற்கும் என்று காட்டும். இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கைத்தொலைபேசியை இதற்குப் பயன்படுத்தினால் நல்ல பயன்.

செயலிகளைப் பொறுத்தவரை, நான்கு விடையில் ஒன்றைத் தொடும் வகையே அதிகம். கண்ணுக்கு முன்னால் இருக்கும் சொல்லை அடையாளம் காண்பது வேறு, வெறும் தாளின் முன்னால் இருந்து சொல்லை நினைவில் இருந்து எடுப்பது வேறு. பரீட்சையில் இரண்டாவதுதான் தேவை. அதற்கு ஒரு சப்பாத்துப் பெட்டி போதும். பழைய கொப்பி மட்டைகளை வெட்டி, ஒரு பக்கம் தமிழில் ஒரு நிலைமை, மறுபக்கம் ஆங்கில வாக்கியம் எழுதட்டும். பெட்டியை மூன்று அறையாகத் தடுத்து, முதல் அறையைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளைக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை பார்க்கட்டும். சரியாகச் சொன்ன மட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். செபஸ்தியன் லைட்னர் என்பவர் 1972இல் எழுதிப் பரப்பிய முறை இது. மட்டையைக் கேட்கும் வேலையை நீங்கள் செய்யலாம். தமிழ்ப் பக்கத்தை வாசிக்க உங்களைவிட நல்ல ஆள் யார்?

அவளுடைய அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கில மொழிக்கல்வி அறிஞர் 1953இல் வெளியிட்ட பட்டியலில் ஏறக்குறைய 2000 அடிப்படைச் சொற்கள் இருக்கின்றன. சாதாரண ஆங்கில எழுத்தில் ஐந்தில் நான்கு பங்கு அந்தச் சொற்களாலேயே ஆகிறது. 'ஃபேமஸ்' சின்னப் பிள்ளைச் சொல் அல்ல. பெரிய எழுத்தாளர்களும் தயங்காமல் எழுதும் சொல். அந்த 2000 சொல்லும் கையில் நின்றால் பிள்ளை எதையும் எழுதுவாள். மற்றவை வாசிப்பில் தானாக வந்து சேரும். விடியற்காலை நாலரை மணியை வாசிப்புக்குக் கொடுங்கள், முடிந்தால் அந்த நேரத்தில் இன்னும் ஒரு மணித்தியாலம் அவளைத் தூங்க விடுங்கள்.

அந்த நல்லூர்க் கட்டுரையை அவள் திரும்ப எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். திருவிழா முழுவதையும் எழுதத் தேவையில்லை. 24ஆம் நாள், தேர் இருப்பிடத்தை விட்டு அசையும் அந்த ஒரு கணம் போதும். அதில் ஒரு சோடிச் சொல் அவளுக்குத் தேவைப்படும். இழுப்பதற்கு ஆங்கிலத்தில் 'புல்' இருக்கிறது, 'டிராக்' இருக்கிறது. இரண்டாவதில் இழுபடுவது நிலத்தில் உரசிக்கொண்டு வரும், பல நேரம் வர மறுக்கும். தேருக்குச் சில்லு இருக்கிறது, வடம் பிடித்தவர்கள் அத்தனை பேரும் அரோகரா சொல்லிக்கொண்டு இழுக்கிறார்கள். எந்தச் சொல் என்று நான் எழுத மாட்டேன். அவள் எழுதியதும் ஏன் அதை எடுத்தாள் என்று கீழே தமிழில் ஒரு வரி சேர்த்து, எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
வட்டுக்கோட்டையில் இருந்து