ஜிஞ்சர்லியில் இஞ்சி இருக்கிறதா?

கேள்வி: எங்கள் பக்கம் தேயிலை, மிளகோடு இஞ்சியும் போடுகிறோம். மகள் படிக்கிற ஆங்கிலக் கதையில் ஒருவர் ஈரப் படியில் 'ஜிஞ்சர்லி' இறங்கினார் என்று வருகிறது. அகராதியைப் பார்த்தால் 'வெகு ஜாக்கிரதையாக' என்று போட்டிருக்கிறது. காரமான இஞ்சிக்கும் பயந்து பயந்து கால் வைப்பதற்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், கூடலூர், நீலகிரி

பதில்: ஒரு சம்பந்தமும் இல்லை. எழுத்து ஒன்றுபோல இருக்கிறதே தவிர ரத்த உறவு கிடையாது.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் இந்தச் சொல் தலைகாட்டியபோது அதில் பயமே இல்லை. சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்து ஆடுவதையும் நடப்பதையும் அப்படிச் சொன்னார்கள், நம் பேச்சில் 'நாசூக்காக' என்போமே, அது. பழைய பிரெஞ்சில் 'ஜென்ட்' என்றால் நல்ல குடியில் பிறந்த, நளினமான என்று பொருள். 'ஜென்சோர்' என்றால் இன்னும் நளினமான. அதிலிருந்து வந்திருக்கலாம் என்பதுதான் அகராதிக்காரர்களின் கணிப்பு. அதற்கும் மேலே ஏறினால் 'பிறந்த' என்று பொருள்படும் லத்தீன் 'கெனிட்டுஸ்'. 'ஜென்டில்' இதே வீட்டுப் பிள்ளை, அட, நாம் புழங்கும் ஜனனம், ஜன்மம்கூட சமஸ்கிருத வழியாக அந்த ஆதி வேரில்தான் போய்ச் சேர்கின்றன!

சரி, நளினம் எப்படி ஜாக்கிரதையாக மாறியது? ஆடி மழையில் தேயிலைச் சரிவில், பாசிக் கல் மேல் பெருவிரலை ஊன்றி இறங்குகிறவர்களைப் பாருங்கள், நாசூக்கா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 1600 வாக்கில் பொருளும் அப்படித்தான் பயத்தின் பக்கம் சாய்ந்தது.

இஞ்சியின் கதை வேறு, அது நம்ம சரக்கு. ஆங்கில 'ஜிஞ்சர்' லத்தீன் வழியாக வந்தது, லத்தீனுக்குக் கொடுத்தது கிரேக்க 'ஜிங்கிபெரிஸ்', அதற்கும் முன்னால் பாலி மொழியில் 'சிங்கிவேர'. சமஸ்கிருதத்தில் இதைச் 'சிருங்கவேர' ஆக்கி, கொம்பு போன்ற உடம்புடையது என்று விளக்கமும் சொல்லிவிட்டார்கள். கிளை கிளையாகப் பிரிந்த ஒரு கிழங்கைக் கையில் எடுத்தால் யாருக்குமே அது சரியென்றுதான் படும், ஆனால் மொழியியலாளர்கள் அதைப் பிற்பாடு ஒட்டவைத்த விளக்கம் என்கிறார்கள். அவர்கள் காட்டுவது 'இஞ்சி', 'வேர்' என்ற இரண்டு திராவிடச் சொற்களை. 'இஞ்சி'க்கு முன்னால் இருந்த சகரம் தமிழில் உதிர்ந்துவிட்டது, வெளியே போன 'சிங்கிவேர'வில் அது அப்படியே இருக்கிறது.

இஞ்சி நிஜமாகவே கலந்த ஆங்கில வழக்கு வேண்டுமென்றால் 'ஜிஞ்சர் அப்' இருக்கிறது, மந்தமாகக் கிடப்பதை உசுப்பிவிடுவது. இஞ்சி தின்ற குரங்கைக் கேட்டால் அதுவும் இதையேதான் சொல்லும்.