ஷெவ்ரோலே 454 பிக் பிளாக் வி8 எஞ்சின்: 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுவை இல்லை, எந்த இன்டேக் மேனிஃபோல்டு (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவை கொண்டுபோகும் பாகம்)?

டூயல் பிளேனுக்கு (உள்ளே இரண்டு தனி அறைகளாகப் பிரிந்த மேனிஃபோல்டு) மாறுங்கள். ஓவல் போர்ட் (நீள்வட்டத் துளை) ஹெட், 3.31 ஆக்சில் கியர், ஸ்டாக் டார்க் கன்வர்ட்டர், தினமும் ரோடு, எப்போதாவது டிராக் ரேஸ் ஸ்ட்ரிப் என்கிறீர்கள். இந்த ஷெவ்ரோலே எஞ்சினுக்கு எடெல்பிராக் பெர்ஃபார்மர் ஆர்பிஎம், ஓவல் போர்ட் வகைதான் பொருத்தம். 1500 முதல் 6500 வரை நன்றாக இழுக்கும்.

இப்போதுள்ள சிங்கிள் பிளேனில் எட்டு ரன்னரும் (சிலிண்டருக்குப் போகும் குழாய்களும்) ஒரே பிளீனத்தில் (கார்புரேட்டருக்குக் கீழே உள்ள அறையில்) திறக்கின்றன. குறைந்த வேகத்தில் கார்புரேட்டருக்கு சிக்னல், அதாவது எரிபொருளை இழுக்கும் உறிஞ்சல், பலவீனமாகிவிடும். மிதித்ததும் திணறுவது அதனால்தான் இருக்கும்.

ஆனால் காசு செலவழிக்கும் முன் வேலி (valley, மேனிஃபோல்டுக்கு அடியில் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளம்) பக்கம் லீக் இருக்கிறதா பாருங்கள். ஐடிலில் பிசிவி ஹோஸை (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாயை) கழற்றி, கார்புரேட்டர் பக்க முனையை அடைத்துவிடுங்கள். ஒரு வால்வ் கவரின் பிரீதரை (காற்றுத் துளையை) மூடி, மற்ற வால்வ் கவர் துளையில் உள்ளங்கையை வையுங்கள். காற்று வெளியே தள்ள வேண்டும். உள்ளே இழுத்தால் இன்டேக் கேஸ்கெட் கீழ்ப்பக்கம் ஒழுகுகிறது. அப்படியானால் மேனிஃபோல்டு மாற்றுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

வாங்கும்போது டெக் உயரம் (கிராங்க் மையத்திலிருந்து பிளாக்கின் மேற்பரப்பு வரை) முக்கியம்: 9.8 அங்குல பிளாக்கின் மேனிஃபோல்டு 10.2 அங்குல டால் டெக்கில் ஸ்பேசர் இல்லாமல் உட்காராது. முன்னும் பின்னும் கார்க் சீல் வேண்டாம், நழுவும். கால் அங்குல சிலிக்கான் கோடு போதும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக 25 அடி-பவுண்டுக்கு இறுக்குங்கள்.

பின்னால் 4.10 கியரும் 3500 ஸ்டால் கன்வர்ட்டரும் (சுமார் 3500 ஆர்பிஎம் வரை எஞ்சினைச் சுழலவிடும் டார்க் கன்வர்ட்டர்) போட்டு, அதிக ஆர்பிஎம்மில் ஓட்டும் திட்டம் இருந்தால் சிங்கிள் பிளேனை விற்றுவிடாதீர்கள்.