மெனுவை மறைக்க ஐந்நூறு ரூபாயா?

கேள்வி: அப்பாவுக்காக ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப் ஒன்று வாங்கினேன். வின்டோஸுக்குப் பதில் உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட்டுக் கொடுத்தார்கள். ஆன் செய்தால் ஒவ்வொரு முறையும் 'உபுண்டு', 'வின்டோஸ் பூட் மேனேஜர்' என்று ஒரு பட்டியல் வந்து 10 விநாடி நிற்கிறது. அப்பா பதறிப்போய் எதையாவது அமுக்கிவிடுகிறார். அதை எடுக்கக் கடையில் 500 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஆனால் மறைப்பதற்கு முன்னால் அந்தப் பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள். டிஸ்க்கில் உபுண்டு மட்டும் இருந்தால் அந்த மெனு தானாகவே மறைந்துதான் இருக்கும். உங்களுக்குத் தெரிகிறது என்றால், வின்டோஸின் மிச்சம் ஏதோ உள்ளே கிடக்கிறது. 2025 அக்டோபர் 14-உடன் வின்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. வின்டோஸ் 11 ஏற்காத பழைய பெட்டிகளை லினக்ஸ் போட்டு விற்பதில் தப்பில்லை. டிஸ்க்கைத் துடைக்காமல் விற்பதுதான் தப்பு. முன்பு வைத்திருந்தவரின் போட்டோவும் பாங்க் காகிதமும்கூட அதில் இருக்கலாம்.

அதனால் கடைக்காரரிடம், "டிஸ்க் முழுவதையும் அழித்து உபுண்டுவைப் புதிதாகப் போட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். விற்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது, அதற்கு எதற்குத் தனிக் காசு? அப்பா ஏதாவது சேமித்திருந்தால் முதலில் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். முடிந்து வந்தால் மெனுவும் போயிருக்கும்.

வின்டோஸ் உங்களுக்கே வேண்டும் என்றால் கதை வேறு. அப்போது மெனுவும் வேண்டும். காத்திருக்கும் நேரத்தை மட்டும் குறையுங்கள். 'ஈடிசி' ஃபோல்டருக்குள் 'டீஃபால்ட்', அதற்குள் 'கிரப்' என்று ஒரு கோப்பு (இந்த மெனுவைக் காட்டும் நிரலின் பெயரும் கிரப்தான்). அட்மின் உரிமையோடு திறந்தால் 'கிரப் டைம்அவுட்' என்ற வரி இருக்கும் (ஆங்கிலப் பெரிய எழுத்தில், இடையில் அடிக்கோட்டுடன்). அதில் 3 என்று போடுங்கள். சேமித்த பிறகு டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) 'சூடோ அப்டேட்-கிரப்' கட்டளையைக் கொடுக்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, "மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் அரை மணி நேரம் விழித்தேன்.

அதே கோப்பில் 'டைம்அவுட் ஸ்டைல்' என்பதை 'ஹிடன்' ஆக்கி, டைம்அவுட்டை 0 ஆக்கினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பக்கத்தில் வின்டோஸ் இருந்தால் அது பலிக்காது; கிரப் அதைக் கண்டதும் மெனுவைத் திரும்பக் காட்டி, 0-வை 10 ஆக்கிவிடும். உங்களுக்கு வந்த 10 விநாடியும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

மறைத்த பிறகும் என்றைக்காவது மெனு தேவைப்பட்டால், ஆன் செய்து கம்பெனி லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப் கீயை ஒரே ஒருமுறை தட்டவும். பழைய பயாஸ் முறையில் (கணினியைத் தொடங்கிவைக்கும் பழைய ஏற்பாடு) ஓடும் பெட்டி என்றால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். எஸ்கேப்பைப் படபடவென்று தட்டினால் 'கிரப்' என்ற ஒற்றை வரியில் போய் நின்றுவிடும். ஒன்றும் கெட்டுவிடவில்லை, மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். அப்புறம், பூட் ஆகிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் அடுத்த முறை மெனு 30 விநாடி தலைகாட்டும். அப்பாவிடம் இதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.