கட்டிலருகே ஒரு குவளைத் தண்ணீர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அக்கா ஜெருசலேமில் ஒரு யூதப் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்திருக்கிறாள். தினமும் இரவு அவர் கட்டிலருகே ஒரு பேசினும், இரண்டு கைப்பிடி வைத்த குவளையில் தண்ணீரும் வைக்கவேண்டும். காலையில் அவர் கை கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றப்போனவளைத் தடுத்துவிட்டாராம். இரவில் ஏதோ முணுமுணுத்து முடித்தபின் எது கேட்டாலும் வாய் திறப்பதில்லை. இதெல்லாம் சுத்தமா, பயமா, கோபமா?

எம்., நாகர்கோவில்

அன்புள்ள சகோதரிக்கு,

கோபம் இல்லை. சுத்தம் என்று மட்டும் சொன்னால் பாதிதான் விளங்கும். தூக்கம் சாவின் அறுபதில் ஒரு பங்கு என்கிறது தல்மூத் என்ற பழைய யூதச் சட்ட நூல். உறங்குபவர் உயிரை இறைவனிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார், விழித்ததும் திரும்பப் பெறுகிறார். உயிர் விலகியிருந்த நேரத்தில் ஒரு தீய ஆவி உடம்பில் படிகிறது, விழித்தபின்னும் விரல்களில் தங்குகிறது, மும்முறை நீர் ஊற்றினால்தான் போகும் என்பது மரபு. உறக்கத்தில் கை எங்கெங்கோ படும், அதனால்தான் கழுவுகிறோம் என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. ஆனால் அந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு ‘ஏன் மும்முறை, ஏன் கை மாற்றி மாற்றி’ என்பதற்குப் பதில் சொல்ல முடியாது.

முறை இதுதான். குவளையை வலக்கையால் எடுத்து இடக்கைக்கு மாற்றி, முதலில் வலக்கையில் மணிக்கட்டுவரை ஊற்றவேண்டும். பிறகு இடக்கையில். இப்படியே மாற்றி மாற்றி ஒவ்வொரு கைக்கும் மூன்று முறை, மொத்தம் ஆறு. ஒரே கையில் மூன்றையும் அடுத்தடுத்து ஊற்றிவிடுவதுதான் வழக்கமான தவறு. ரொட்டி உண்ணும்முன் கழுவும் முறையோடு இதைக் குழப்பிக்கொள்வதால் வருவது. நீரின் குறைந்த அளவு ஒரு ‘ரெவியித்’, யூதர்களின் பழைய முகத்தல் அளவு. அதை 86 மில்லி என்பவர்களும் உண்டு, 150 மில்லி என்பவர்களும் உண்டு. ஆறு முறை தாராளமாக ஊற்ற அரை லிட்டர் வைத்துவிட்டால் கவலையில்லை. மோதிரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும்.

கழுவாமல் நான்கு முழம், அதாவது சுமார் 2 மீட்டர்கூட நடக்கக்கூடாது என்று கடைப்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். குவளை குளியலறையில் இல்லாமல் கட்டிலருகே வருவது அதனால்தான். ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் இதற்கு ‘நெகல் வாசர்’, நக நீர், என்று பெயர். கழுவும்முன் வாய், மூக்கு, கண், காது எதையும் தொடக்கூடாது. ஆகவே பல்செட்டையோ காது மெஷினையோ அக்கா அதற்கு முன்னால் அவர் கையில் கொடுக்கவேண்டாம். கழுவிய நீர் அந்த ஆவியைச் சுமப்பது. அதைப் பயன்படுத்தக்கூடாது, மனிதர் நடக்கும் இடத்தில் கொட்டவும் கூடாது. செடி தப்பித்தது, நேராகச் சாக்கடைக்குப் போகட்டும். உணவையும் குடிநீர் பாட்டிலையும் கட்டிலுக்கு அடியில் வைக்கக்கூடாது என்பதும் இதே குடும்பத்து விதி.

விழித்தவுடன், கை கழுவும்முன்பே, ‘மோதே அனி’ என்ற சிறு வாக்கியத்தைச் சொல்வார். ‘என் உயிரைத் திருப்பித் தந்தாய், உன் நம்பகம் பெரிது’ என்பது அதன் சாரம். அதில் இறைவனின் பெயர் வராததால் கழுவாத கையோடு சொல்லலாம்.

இரவின் முணுமுணுப்பு, இறைவன் ஒருவனே என்று அறிக்கையிடும் ‘ஷெமா’ என்ற வேண்டுதலும் ‘ஹமாப்பில்’ என்ற ஆசியும். ‘என் கண்மேல் உறக்கத்தின் கட்டுகளை இடுபவன்’ என்று இறைவனை வாழ்த்தியபின் உறக்கம்தான் அடுத்து வரவேண்டும். நடுவே பேசினால், உண்டால், குடித்தால் வாழ்த்து அந்தரத்தில் நின்றுவிடும். அதனால்தான் அந்த மௌனம். தூக்கம் வராவிட்டால் ஷெமாவையே திரும்பத் திரும்பச் சொல்வார். மாத்திரை, தண்ணீர், போர்வை பற்றிய கேள்வி எல்லாவற்றையும் அவர் தொடங்கும்முன் முடித்துவிடுங்கள். உடம்புக்கு ஏதாவது என்றால் தயங்காமல் கேட்கலாம். உயிருக்கு ஆபத்து என்று வந்தால் இந்த விதிகள் எல்லாம் விலகி நிற்கும்.

மல்லாந்து படுப்பதைத் தல்மூத் கடுமையாகக் கண்டிக்கிறது, ஒருக்களித்துப் படுக்கவேண்டும். சற்றே சாய்ந்தாலும் உறங்கப் போதும், ஆனால் அந்த நிலையில் ஷெமா சொல்லக்கூடாது. தல்மூத் கால அறிஞர் ரப்பி யோஹனான் மட்டும் அப்படிச் சாய்ந்தபடியே சொன்னார், பருத்த உடம்பு என்பதால்! 12ஆம் நூற்றாண்டு மருத்துவரும் சட்ட அறிஞருமான மைமோனிடஸ் இன்னும் நுணுக்கமானவர். எட்டு மணி நேரத் தூக்கம், உண்டபின் மூன்று நான்கு மணி நேரம் கழித்துத்தான் படுக்கை, இரவின் தொடக்கத்தில் இடப்பக்கம், முடிவில் வலப்பக்கம். தூக்கத்தைத் துறப்பதை இந்த மரபு தவமாகக் கொண்டாடவில்லை. மூன்று நாள் தூங்கமாட்டேன் என்று சத்தியம் செய்தவனுக்குக் கசையடி கொடுத்து உடனே தூங்கவிட வேண்டும் என்பது தல்மூதின் தீர்ப்பு. நடக்காத காரியத்துக்கு வீண் சத்தியம் செய்தானே!

பகல் தூக்கத்துக்குப் பிறகும் மும்முறை ஊற்றுவார். ஆனால் கழுவுதல் கட்டாயமா என்பதில் ஐயம் இருப்பதால் அதற்கு ஆசி சொல்லமாட்டார். சனிக்கிழமை, சபாத் நாளில், பகலில் தூங்குவது இன்பமாகவே கருதப்படுகிறது. ஆனால் ‘இப்போது தூங்கினால் இரவு வேலை பார்க்கலாம்’ என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது. ஓய்வுநாளை வேலைநாளுக்கான ஆயத்தமாக்கியது போலாகிவிடும். அன்றைக்கு அக்கா ‘கொஞ்சம் தூங்குங்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.