வாசகர் கேள்வி: ஐந்து வாரக் கல்லூரித் தலைவர்

கேள்வி: அமெரிக்க இறையியலாளர் ஜோனதன் எட்வர்ட்ஸ் பிரின்ஸ்டன் கல்லூரிக்குத் தலைவரானதும் தடுப்பூசி போட்டு இறந்தார் என்கிறார்களே, உண்மையா?

பதில்: 1758 பிப்ரவரி 16-ல் பொறுப்பேற்றார், மார்ச் 22-ல் இறந்தார். வயது 54. கல்லூரிக்கு அப்போது நியூஜெர்சி கல்லூரி என்று பெயர். ஆனால் 'தடுப்பூசி' என்பது சரியல்ல. தடுப்பூசிக்கு வழிகாட்டிய ஆங்கில மருத்துவர் ஜென்னர், மாட்டம்மைக் கொப்புளத்து நீரைக் குத்தியது 1796-ல்தான். எட்வர்ட்ஸ் குத்திக்கொண்டது பெரியம்மையையே. நோயாளியின் கொப்புளச் சீழை எடுத்து, தோலைக் கீறி உள்ளே வைப்பார்கள். அப்படி வரும் அம்மை பெரும்பாலும் லேசாக வந்து இறங்கிவிடும். 1721-ல் பாஸ்டனில் அம்மை கண்டவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் இறந்தார். குத்திக்கொண்ட சுமார் 240 பேரில் இறந்தவர்கள் 6 பேர்தான். ஆகவே பிரின்ஸ்டன் பக்கம் அம்மை பரவியபோது அவர் குத்திக்கொண்டது அறிவுள்ள செயலே. பிப்ரவரி 23-ல் பிலடெல்பியா மருத்துவர் வில்லியம் ஷிப்பன் குத்தினார். அம்மை இறங்கும் என்றிருந்த வேளையில் வாயிலும் தொண்டையிலும் முத்துகள் கிளம்பின. காய்ச்சலைத் தணிக்க நீராகாரம் வேண்டும். அதை விழுங்க முடியவில்லை. அடுத்து வந்த காய்ச்சலில் உயிர் போயிற்று.

கேள்வி: அந்தப் பதவியை அவர் விரும்பி ஏற்றாரா?

பதில்: இல்லை. முன்பிருந்த தலைவர் ஏரன் பர் எட்வர்ட்ஸின் மருமகன். 1757 செப்டம்பரில் காலமானார். அழைத்த நிர்வாகக் குழுவுக்கு எட்வர்ட்ஸ் எழுதிய கடிதத்தை இன்றைக்கும் கல்லூரி முதல்வர்கள் வாசிக்கலாம். உடல்நலம் போதாது, அல்ஜீப்ராவும் உயர்கணிதமும் கிரேக்க இலக்கியமும் போதிய அளவு தெரியாது என்று ஒளிக்காமல் எழுதினார். மொழிப் பாடம் நடத்த இயலாது, எப்போதாவது எபிரேயம் மட்டும் சொல்லித்தரலாம் என்றார். எழுதவேண்டிய பெரிய நூல் ஒன்று பாக்கி என்பதும் அவர் சொன்ன தடை. மீட்பின் வரலாறாக அமையவேண்டிய அந்த நூல் அவர் நினைத்த வடிவில் வரவேயில்லை.

கேள்வி: இவ்வளவு பெரிய போதகரை, அதற்கு முன்பு அவர் ஊழியம் செய்த மாசசூசெட்ஸின் நார்தாம்ப்டன் சபை ஏன் நீக்கியது?

பதில்: இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சைரசமும் பகிரும் திருவிருந்துதான் காரணம். அவருக்கு முன்பு அங்கே போதகராக இருந்த தாத்தா சாலமன் ஸ்டாடர்ட், ஒழுக்கமாக வாழ்பவர் எல்லாருக்கும் திருவிருந்து கொடுத்தார். அது மனந்திரும்ப வைக்கும் என்பது அவர் எண்ணம். மனந்திரும்பியதை அறிக்கை செய்தவர்களுக்கே கொடுக்கலாம் என்று பேரன் மாற்ற முயன்றார். இருபதாண்டுக்கு மேல் பழகிய சபை கொதித்தது. அதற்கு முன்பே, 1744-ல், இளைஞர்கள் சிலர் மருத்துவச்சிகளுக்கான புத்தகத்தைப் படித்துப் பெண்களைக் கேலி செய்த விவகாரத்தில், குற்றம் சாட்டப்பட்டவர் யார், சாட்சி யார் என்று பிரிக்காமல் பெயர்களைச் சபையில் வாசித்துவிட்டார். பெரிய குடும்பங்களின் மனக்கசப்பு அங்கே தொடங்கியது. 1750 ஜூன் 22-ல் நீக்கினார்கள். மாற்றுப் போதகர் கிடைக்காததால், பின்னும் சில மாதம் அவரையே பிரசங்கிக்க அழைத்தார்கள், அவரும் போனார். அடுத்து ஸ்டாக்பிரிட்ஜ் என்ற ஊரில் மொஹிகன் என்ற பூர்வகுடி மக்களுக்கு ஊழியம். மனித சித்தத்தின் சுதந்திரம் பற்றிய அவருடைய மிகச் சிறந்த நூல் 1754-ல் அங்கிருந்துதான் வந்தது.

கேள்வி: அடிமைகளை வைத்திருந்தாரா?

பதில்: ஆம். 1731-ல் நியூபோர்ட்டில் வீனஸ் என்ற சிறுமியை 80 பவுண்டுக்கு வாங்கினார். அவரை மதிப்பவர்கள் இதை மறைக்கக் கூடாது. அதே பெயருடைய அவர் மகன் அடிமைமுறையை எதிர்த்து எழுதினார். 1799-ல் யூனியன் கல்லூரியின் தலைவரானார்.