கூன் போட்டு உட்காருவதால்தான் முதுகு வலிக்கிறதா? நிமிர்ந்து உட்கார்ந்தால் சரியாகிவிடுமா?

நாள் முழுக்கக் கணினி முன்னால் வேலை, மாலையானால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, வீட்டில் எல்லோரும் "நிமிர்ந்து உட்கார்" என்கிறார்கள், விலை உயர்ந்த நாற்காலி வாங்கலாமா என்றும் யோசிக்கிறீர்கள். உங்கள் கேள்வியை இப்படித்தான் புரிந்துகொண்டேன். நாற்காலிக்கு முன்னால் உங்கள் மூக்குக்கண்ணாடியைப் பாருங்கள் என்பது என் பதில். விளையாட்டாகச் சொல்லவில்லை.

நான் மெய்ப்புத் திருத்துபவள், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பவள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கூன் போடாதே என்று முதுகில் தட்டு வாங்கி வளர்ந்தவள். வலி வந்ததும் சுற்றியிருந்த அத்தனை பேரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்: உட்காரத் தெரியவில்லை. ஒருவர் இடுப்புப் பட்டை வாங்கிக் கொடுத்தார். இன்னொருவர் ஒரு வாரம் படுத்தே இரு என்றார். அவர்கள் சொன்னபடியே தோளைப் பின்னுக்கு இழுத்து, நெஞ்சைத் தூக்கி, அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய் மாதிரி உட்கார்ந்தேன். மதியத்துக்குள் வலி இரட்டிப்பானதுதான் மிச்சம். அந்த விறைப்பைக் காப்பாற்ற முதுகுத் தசைகள் ஓயாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அவையும் களைத்துப்போகும் அல்லவா?

பிறகு பார்த்த பிசியோதெரபிஸ்ட் என்னை நிமிரவும் சொல்லவில்லை, குனியவும் சொல்லவில்லை. "நீங்கள் வேலையில் மூழ்கியிருக்கும்போது, உங்களுக்குத் தெரியாமல் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்" என்றார். என் மகள் எடுத்தாள். படத்தைப் பார்த்தவர் முதுகைப் பற்றிப் பேசவே இல்லை. என் காலைப் பெரிதாக்கிக் காட்டினார். குதிகால் இரண்டும் அந்தரத்தில் இருந்தன. விரல் நுனி மட்டும் தரையில். மேசை உயரம் என்பதால் நாற்காலியை ஏற்றி வைத்திருந்தேன். கால் ஊன்றாதபோது உடம்பு தானாகவே இருக்கையின் விளிம்புக்கு வழுக்கி வரும். சாய்மானம் எங்கோ பின்னால் கிடக்கும், இடுப்பெலும்பு பின்பக்கம் உருண்டு, கீழ் முதுகின் இயல்பான உள்வளைவு தட்டையாகிவிடும்.

அடுத்து முகவாயைக் காட்டினார். என்னுடையது இரட்டைக் குவியக் கண்ணாடி. படிக்கும் பகுதி அடியில் இருப்பதால், திரையைப் பார்க்க முகவாயைத் தூக்கி, கழுத்தை முன்னால் நீட்டியிருந்தேன். தலை ஐந்து கிலோ சுமார் இருக்கும். அதை அப்படி நீட்டி வைத்தால் கழுத்தும் மேல் முதுகும்தான் தாங்கியாக வேண்டும். "உங்கள் முதுகை உங்கள் கண்தான் இழுக்கிறது" என்றார்.

அதனால் நான் செய்தவை: திரை இருக்கும் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி, கோப்பைத் திறந்ததும் எழுத்தைப் பெரிதாக்குவது, காலுக்கடியில் பழைய மெய்ப்புத் தாள் கட்டு ஒன்று, இடுப்பு வளைவில் சுருட்டிய துண்டு. கூடவே அரை மணிக்கொரு முறை எழுந்து நான்கு எட்டு நடப்பது, மாலையில் கொஞ்சம் வேகமான நடை. வலி வராத நாளே இல்லை என்றிருந்தது, வந்தால் கவனிக்கிற அளவுக்கு அரிதாகிவிட்டது. இதில் எது பலன் தந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாதே என்று கேட்பீர்கள். முடியாதுதான். நான் ஆய்வுக்கூடம் நடத்தவில்லை, வேலை செய்துகொண்டிருந்தேன்.

    

"அறிவியல்படி கூன்தான் காரணம்" என்று மறுமொழி எழுதக் காத்திருப்பவர்களுக்கு: ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் நாகெம்சன் 1960களில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டுக்குள் உள்ள அழுத்தத்தை அளந்து, நிற்பதைவிட உட்காரும்போது அது அதிகம் என்றார். உட்காரும் முறை பற்றிய பல பாடங்களில் அந்த எண்கள் இடம்பிடித்தன. 1999இல் ஜெர்மனியில் வில்கே என்ற ஆய்வாளரின் குழு ஒருவரின் வட்டுக்குள் உணர்கருவி பொருத்தி அளந்தபோது, தளர்வாக உட்கார்ந்திருக்கையில் அழுத்தம் நிற்கும்போது இருந்ததைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. ஒரே ஆள்தானே என்பீர்கள். ஆமாம், ஒரே ஆள்தான். ஆனால் அதே ஆள் 20 கிலோ எடையை முதுகை வளைத்துத் தூக்கியபோது அழுத்தம் நான்கு மடங்குக்கு மேல் ஏறியது. கூனுக்குப் பயப்படுகிறவர்கள் சுமை தூக்கும்போது பயப்படட்டும்.

இடுப்புப் பட்டை விஷயம்: கீழ் முதுகு வலிக்குப் பட்டை பரிந்துரைக்க வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது. படுத்தே கிடப்பதையும் இப்போது மருத்துவர்கள் பொதுவாக ஊக்குவிப்பதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகோ எலும்பு முறிவுக்கோ மருத்துவர் பட்டை போடச் சொல்லியிருந்தால் அது வேறு கதை. என்னை நம்பிக் கழற்றிவிடாதீர்கள்.

நான் மருத்துவர் அல்ல என்பதை இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். வலியோடு காலில் பலம் குறைந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, நாற்காலி மேசை ஆராய்ச்சியை விட்டுவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்ந்து வந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

அப்படி எதுவும் இல்லாமல், நாற்காலிதான் வாங்கப்போகிறீர்கள் என்றால், உயரம் ஏற்றி இறக்க முடிகிறதா என்று பாருங்கள். பின்னால் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தபின், முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கைப்பிடியையும் மறக்காதீர்கள். அது மேசையில் இடித்தால் நாற்காலியை உள்ளே தள்ள முடியாது, மறுபடியும் விளிம்புக்கு வந்து குனிய வேண்டியதுதான். மேசையின் அடிப்பக்கம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.